மைசூர் போகலை... வட்டக்கோட்டை போனோம்!

சமையல் குறிப்பும் வீட்டுக் குறிப்பும் படிச்சுப் பயன் அடைஞ்சவள் நான். இன்று நான் ஒரு குறிப்பு சொல்ல வந்திருக்கிறேன். அதோடு என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஊர் தோவாளை. வீட்டு வேலை முடிந்ததும் பூ வியாபாரி ஒருவருக்குப் பூ கட்டிக் கொடுப்பேன். என் வீட்டுக்காரருக்குக் கொத்தனார் வேலை. மகள் எட்டாவது, மகன் நாலாவது. கூடவே என் மாமியார்.

போன வருடம் மகளின் பள்ளிக்கூடத்தில் மைசூருக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். அரண்மனை, பிருந்தாவன் தோட்டம் எல்லாம் காட்டுவார்களாம். ஆளுக்கு 4,500 ரூபாய். மழையால் அவருக்கு ஒன்றரை மாதமாக வேலை சரியில்லை. "இல்லை" என்று சொல்ல வாய் வராமல், டீச்சருக்குப் போன் செய்து "பிள்ளைக்குக் காய்ச்சல், அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. அழுதிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதற்குப் பிறகு மைசூர் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

அது எனக்குள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நம்ம மாவட்டத்திலேயே கோட்டையும் அரண்மனையும் தோட்டமும் இருக்கிறதே, நாமே கூட்டிப் போனால் என்ன என்று தோன்றியது. பூ கட்டுகிற காசில் கொஞ்சம் கொஞ்சமாக அரிசிப் பானைக்குள் போட்டு வைத்து, நாலு மாதத்தில் 1,000 ரூபாய் சேர்த்தேன்.

உள்ளூர் விடுமுறை வந்த ஒரு திங்கட்கிழமை புறப்பட்டோம். முந்தின நாளே நான் செய்த நல்ல காரியம், ஒரு நாற்பது பக்க நோட்டையும் ஆயிரம் ரூபாயையும் மகள் கையில் கொடுத்ததுதான். "இன்னைக்கு நீதான் கணக்குப்பிள்ளை" என்றேன். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, பருப்புத் துவையல், அவித்த மரச்சீனிக் கிழங்கு, ரெண்டு பெரிய பாட்டில் தண்ணீர். ஹோட்டல் செலவு மிச்சம்.

பஸ் செலவுதான் ஆச்சரியம். 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததே, அதனால் மாமியாருக்கும் எனக்கும் மகளுக்கும் காசில்லா டிக்கெட். காசு கொடுத்தது மகன் மட்டும்தான். "நான்தான் டிக்கெட் எடுத்தேன்" என்று அவனுக்கு ஒரே பெருமை! டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பொறுமை இருந்தால் போதும்.

வடசேரியில் பஸ் மாறி, தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சியில் இறங்கினோம். அங்கேதான் உதயகிரிக் கோட்டை. சுமார் 90 ஏக்கர் இருக்கும். உள்ளே வனத்துறையின் பூங்கா, மான், பறவைகள், நல்ல மரநிழல். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மா மகாராஜா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது பிடிபட்டவர் டிலனாய். அவரைக் கைதியாகவே வைத்திருக்காமல், தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொன்னாராம் மகாராஜா. இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் ஆலையும் நடந்திருக்கிறது. 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறையும் இங்கேதான். எங்கேயோ பிறந்து, எதிரியாக வந்து, இந்த மண்ணிலேயே அடங்கியவர். என் மாமியார் கல்லறை முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள்.

அடுத்தது பத்மநாபபுரம் அரண்மனை. வாசலில் பழம் விற்ற அம்மாவிடம் மட்டிப்பழம் வாங்கினபடி வழி கேட்டேன். "இன்னைக்குத் திங்களாச்சே மக்களே, அரண்மனை பூட்டியிருக்குமே" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரண்மனை நம்ம மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. தோழிகளே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முகம் வாடிவிடுமோ என்று பார்த்தேன். மகள் நோட்டைப் பார்த்து, "அரண்மனை டிக்கெட் காசு மிச்சம்மா. அதை வச்சு ஆச்சிக்கு ஆட்டோ பிடிக்கலாம்" என்றாள்!

மரத்தடியில் சாப்பிட்டு, நாகர்கோவில் வந்து கன்னியாகுமரி பஸ் ஏறினோம். அங்கிருந்து வட்டக்கோட்டைக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால், போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 450 ரூபாய் என்று முதலிலேயே பேசி ஆட்டோ பிடித்தோம். பேசாமல் ஏறினால் திரும்பும்போது தகராறுதான்.

வட்டக்கோட்டை வாசலில் நின்றதும் மகன் கேட்ட முதல் கேள்வி, "வட்டம் எங்கம்மா? நாலு மூலை இருக்கே!" உண்மைதான், பெயர்தான் வட்டம். பதினெட்டாம் நூற்றாண்டில் டிலனாய் மேற்பார்வையில் கட்டிய திருவிதாங்கூர் கடற்கரைக் கோட்டை இது. எல்லாம் கருங்கல். மதில் 25 அடி உயரம் இருக்கும். உள்ளே புல்வெளி, ஒரு குளம், மண்டபம். பாண்டியர் சின்னமான மீனும் கல்லில் செதுக்கியிருக்கிறது.

"எனக்கு ஏற முடியாது, நீங்க போயிட்டு வாங்க" என்று மாமியார் கீழேயே உட்காரப் போனார்கள். பார்த்தால், படிக்கட்டு ஏற வேண்டாம். பீரங்கியை மேலே இழுத்துப் போக அமைத்த சரிவுப் பாதை இருக்கிறது. என் தோளைப் பிடித்து மெதுவாக ஏறிவிட்டார்கள். ஒரு பக்கம் கடல், கீழே கறுத்த மணல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. "நான் பொறக்கும்போது இது திருவிதாங்கூர்-கொச்சி பிள்ளே. 1956-லதான் நம்ம பக்கம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. எழுபது வருஷம் இந்த மாவட்டத்திலயே இருந்தும் இன்னைக்குத்தான் இந்தக் கோட்டையைப் பார்க்கேன்" என்றார்கள்.

காற்று வாங்கிக்கொண்டு இருக்கும்போது மெதுவாகக் கேட்டேன், "மைசூர் போகலைன்னு இன்னும் வருத்தமா இருக்கா?" மகள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "போகலைன்னு இல்லம்மா. காசு இல்லைன்னு சொல்லியிருக்கலாம்லா? காய்ச்சல்னு ஏன் சொன்னே? எல்லாரும் வந்து இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நானும் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு."

எனக்குப் பேச்சே வரவில்லை. இல்லாமை பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நான் மறைத்தேன். அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது. நான் மறைத்ததால், அது ஏதோ அவமானம் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன். "தப்புதான் மக்களே, இனி சொல்ல மாட்டேன்" என்றேன். மாமியார் கேட்டும் கேளாதது போல் மகனுக்குக் கப்பல் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரவு மகள் போட்ட கணக்கு இது: மகனின் பஸ் டிக்கெட் 50, ஆட்டோ 450, நுழைவுச் சீட்டுகள் 110, டீ, பழம் 80, ஐஸ்கிரீம் 60. மொத்தம் 750 ரூபாய். மிச்சம் 250.

அந்த 250-ஐ வைத்து அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அரண்மனைக்கும் போய் வந்தோம். கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரையையும், ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரையையும் பார்த்து, "இதைக் கூட்டிப் பெருக்க எத்தனை பேர் வேணும்!" என்று மாமியார் வாய் பிளந்தார்கள்.

அந்த நோட்டு இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டாகிவிட்டது. மாசம் பிறந்ததும் அரிசி, பால், கேஸ், வட்டி எல்லாம் மகள்தான் எழுதுகிறாள். எது முடியும், எது முடியாது என்று அவளுக்கே தெரிகிறது. பிடிவாதமும் குறைந்திருக்கிறது, என் பொய்யும் குறைந்திருக்கிறது. இந்த வருடச் சுற்றுலாவுக்கு டீச்சர் கேட்டபோது, "இந்த வருஷம் முடியாது டீச்சர், அடுத்த வருஷம் பார்க்கோம்" என்று அவளே சொன்னாளாம்.

நீங்களும் உங்கள் பக்கத்துக் கோட்டையை ஒரு நாள் பார்த்து வாருங்கள். கணக்கு நோட்டைப் பிள்ளை கையில் கொடுக்க மறக்காதீர்கள்.

- ஒரு வாசகி, தோவாளை