வாய் மூடினால் நான், திறந்தால் நீ

அமெரிக்காவில் சிறுவர்கள் பேஸ்பால் ஆடும் திடல்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். மட்டையில் பட்ட பந்து நேரே வானத்துக்கு எழும்பும். மூன்று பிள்ளைகள் அண்ணாந்தபடியே ஓடி வருவார்கள். பக்கத்தில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பந்து நடுவில் பொத்தென்று விழும். மூவருக்கும் பிடிக்கத் தெரியும். ‘எனக்கு’ என்று ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓடுபவர் தொட வேண்டிய பேஸ்கள் நான்கும் சேர்ந்தால் ஒரு சதுரம். பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பக்கம் 90 அடி. 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய லிட்டில் லீக் சிறுவர்களுக்கு 60 அடி. முதல் மூன்று பேஸ்களுக்கு ஆளுக்கொருவர். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஷார்ட்ஸ்டாப். இந்த நால்வரும் இன்ஃபீல்டர்கள். புதிதாக வரும் பிள்ளை தன் பேஸிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பான். அவனை அங்கிருந்து நகர்த்தி, இடைவெளியை அடைக்க நிறுத்துவதுதான் பயிற்சியாளரின் முதல் வேலை.

அந்த இடமும் நிலையானதல்ல. முதல் பேஸில் எதிரணி ஓட்டக்காரர் இருந்தால், ஒரே அடியில் இரண்டு அவுட் எடுக்கப் பார்ப்பார்கள். அதற்காக நடுவில் நிற்கும் இருவரும், அதாவது இரண்டாம் பேஸ்காரரும் ஷார்ட்ஸ்டாப்பும், ஓரிரு எட்டு முன்னே வந்து, இரண்டாம் பேஸை நோக்கி நெருங்குவார்கள். பக்கவாட்டில் போகும் பந்து சில தப்பும்; ஆனால் பேஸுக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த இருவரின் சைகை. ஓட்டக்காரர் அடிக்குக் காத்திராமல் இரண்டாம் பேஸைத் ‘திருட’ ஓடினால் அங்கே போவது யார்? ஒவ்வொரு பந்துக்கும் முன்பு ஷார்ட்ஸ்டாப் கிளவ்வால் முகத்தை எதிரணிக்கு மறைத்துக்கொண்டு கூட்டாளியைப் பார்ப்பார். உதடு மூடியிருந்தால் ‘நான் போகிறேன்’. வாய் திறந்திருந்தால் ‘நீ போ’. வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் பக்கமே வரும் என்பதால், அப்போது வாய் திறந்திருப்பதே வழக்கம்.

இரண்டு அவுட் என்று காட்டுவதற்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் தூக்குவார்கள். அடுத்தடுத்த இரு விரல்கள் தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரிந்துவிடுமே!

உயரப் பந்துக்குக் குரல்தான். இன்ஃபீல்டர்கள் இருவர் கேட்டால் ஷார்ட்ஸ்டாப்புக்கு உரிமை. பின்களத்திலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே வந்தால் அவருக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். பந்தைப் பார்த்தபடியே முன்னோக்கி ஓடி வருபவர் அவர்தான்.

1907, 1908 உலகத் தொடர்களை வென்ற சிகாகோ கப்ஸ் அணியின் ஜோ டிங்கரும் ஜானி எவர்ஸும் இதே நடு இடங்களில் ஆடியவர்கள். சொந்தச் சண்டையால் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆட்டத்தில் மட்டும் இருவரின் இணைப்பு அறுந்ததில்லை.

சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கூச்சப்படும் பிள்ளையை முதலில் உரக்கக் கத்தப் பழக்குங்கள். பந்தைப் பிடிக்க அப்புறம் கற்றுக்கொள்வான்.