மீதி 0.7 ஆம்பியர் எங்கே போச்சு?

வீட்டு மேசைக்கு ஒரு பெஞ்ச் பவர் சப்ளை வாங்கினேன். முகப்பில் இரண்டு குமிழ்கள்: ஒன்று வோல்டேஜுக்கு, ஒன்று கரண்ட்டுக்கு. 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று வைத்துவிட்டு, ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை மாட்டினேன்.

ஓம் விதிப்படி 12 ÷ 10 = 1.2 ஆம்பியர் ஓடணும். மீட்டர் 0.5 என்றது. அப்போ மீதி 0.7 எங்கே? பள்ளியில் படித்த விதி பொய்யா?

விதி சரிதான். நான்தான் பக்கத்தில் இருந்த வோல்டேஜ் மீட்டரைக் கவனிக்கவில்லை. அது 12-லிருந்து 5-க்கு இறங்கியிருந்தது. 5 ÷ 10 = 0.5. கணக்கு நேர்.

இரண்டு குமிழ்களும் "இவ்வளவு கொடு" என்று கட்டளை இடுவதாக நினைத்ததுதான் என் தப்பு. அவை இரண்டும் உச்சவரம்புகள். ரெசிஸ்டர் மாட்டினால், எந்த வரம்பு முதலில் முட்டுகிறதோ அதில் சப்ளை நின்றுவிடும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: வெளியே வரும் வோல்டேஜ் என்பது 12, அல்லது 0.5 × மின்தடை, இந்த இரண்டில் எது சிறியதோ அது.

எல்லைக்கோடு 12 ÷ 0.5 = 24 ஓம். 100 ஓம் மாட்டினால் 12 வோல்ட் முழுசா கிடைக்கும், ஓடுவது 0.12 ஆம்பியர்தான். 24-க்குக் கீழே போனால் கரண்ட் 0.5-இல் நிற்கும், வோல்டேஜ் சரியும். 1 ஓமுக்கு அரை வோல்ட். இரண்டு முனையையும் ஷார்ட் செய்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

உள்ளே நடப்பது எளிது. கரண்ட் போகிற வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அது 0.1 ஓம் என்றால், 0.5 ஆம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே 50 மில்லிவோல்ட். இதை ஒரு ஆப்-ஆம்ப் குமிழ் வைத்த அளவோடு ஒப்பிட்டு, மீறப் போனால் டிரான்சிஸ்டரை இறுக்கிவிடும்.

சரி, காணாமல் போன வோல்டேஜ்? லீனியர் சப்ளையில் அது அந்த டிரான்சிஸ்டரின் தலையில் விழுகிறது. உள்ளே 18 வோல்ட் இருந்து வெளியே 5 போனால், மீதி 13 ஏறக்குறைய முழுசும் டிரான்சிஸ்டருக்கு. 13 × 0.5 = 6.5 வாட் சூடு. ஷார்ட் செய்தால் 9 வாட். வெளியே ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும், உள்ளே ஹீட்சிங்க் கொதிக்கும். சுற்றில் வோல்டேஜ்களின் கூட்டுத்தொகை சரியாக வரணும் என்கிற கிர்க்காஃப் விதி இது.

இவ்வளவும் புரிந்தபிறகு வந்த தைரியத்தில் ஒரு எல்இடியைக் கொன்றேன். லிமிட்டை 20 மில்லியாம்பியரில் வைத்தேன், வோல்டேஜ் 12-லேயே இருந்தது. "அதான் லிமிட் இருக்கே" என்று, சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளை எல்இடியை நேரடியாக மாட்டினேன். ஒரு மின்னல். அவ்வளவுதான், போச்சு.

காரணம் கெப்பாசிட்டர். சப்ளையின் வெளியீட்டு முனையில், கரண்ட்டை அளக்கும் இடத்துக்கு அப்புறம், 470 மைக்ரோஃபாரட் ஒன்று 12 வோல்ட்டில் நிரம்பி உட்கார்ந்திருந்தது. அதில் இருப்பது சுமார் 34 மில்லிஜூல். எல்இடிக்கு மூணு வோல்ட் போதும். கெப்பாசிட்டர் தன் சரக்கை ஒரே மூச்சில் அதற்குள் கொட்டிவிட்டது. சந்திப்பில் சேரும் கரண்ட் எல்லாம் வெளியேறியாகணும் என்பது கிர்க்காஃபின் இன்னொரு விதி. சப்ளை கொடுத்த 20 மில்லியாம்பியரோடு கெப்பாசிட்டர் கொடுத்ததும் சேர்ந்துதான் எல்இடிக்குள் போனது. லிமிட் சர்க்யூட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கெப்பாசிட்டரிலிருந்து போவது அதன் கண்ணிலேயே படாது.

அதனால் இப்போது என் வழக்கம்: முதலில் வோல்டேஜைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மீட்டரும் இறங்கிவிட்டதா என்று பார்ப்பேன். பிறகு எல்இடியை மாட்டி, மெதுவாக ஏற்றுவேன். தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தாலும் அது பிழைத்திருக்கும்.

விதி பொய்த்தது போலத் தோன்றினால், நாம் பார்க்காத மீட்டர் ஒன்று எங்கோ இருக்கிறது. 0.7 ஆம்பியர் எங்கேயும் போகவில்லை. அது ஓடவே இல்லை.