அஸீஸ் துரைக் கண்டம்

கல்முனைப் பக்கத்தில் வயல்வெளியைக் கண்டம் கண்டமாகத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த ஆசியாக் கண்டம், ஆபிரிக்காக் கண்டம் என்பதெல்லாம் வேறு. இது நெல் விளையும் கண்டம். மரத்தின் பெயரில் ஒன்று, குளத்தின் பெயரில் ஒன்று, முதலில் காடு வெட்டிய போடியாரின் பெயரில் இன்னொன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்த வரிசையில் ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்றும் ஒரு பெயர் விழுந்தது. துரை என்றால் வெள்ளைக்காரன் என்று எல்லோரும் விளங்கிக்கொண்ட காலத்தில் வந்த பெயர் அது. இந்தத் துரையோ யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த முஸ்லிம்.

ஏ. எம். ஏ. அஸீஸ் ஓதப்பள்ளியில் தொடங்கி, இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் இருந்த வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்தார். அந்தச் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். 1942இல் அவரைக் கல்முனைக்கு அனுப்பினார்கள். உதவி அரசாங்க அதிபர் என்ற பதவிப் பெயருக்குப் பக்கத்தில் ‘அவசரகாலம்’ என்றொரு சொல்லும் ஒட்டியிருந்தது. போய் ஒரு கச்சேரியை, அதாவது அரசாங்க நிர்வாக அலுவலகத்தை, தொடங்க வேண்டும், நெல் விளைவிக்க வேண்டும். கட்டளை அவ்வளவுதான்.

அரிசிக்கு ஏன் அந்த அவசரம்? இலங்கையர் தின்ற அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. மலையில் முதலில் கோப்பி, பிறகு தேயிலை என்று ஏற்றுமதிப் பயிரையே வளர்த்த ஆட்சி, அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் வயிற்றை இறக்குமதி அரிசியால் நிரப்பியது. கணக்குப் பார்த்தால் அதுவே மலிவு. கப்பல் வரும்வரை மலிவு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. தீவெங்கும் அரிசி கூப்பனுக்கு மாறியது, கோதுமை மாவு அடுப்படிக்குள் நுழைந்தது. எங்கள் பக்கத்தில் ரொட்டிக்கு இருக்கும் மரியாதைக்கு அந்த யுத்தமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அப்போதுதான் கொழும்புக்குக் கிழக்குக் கரை கண்ணில் பட்டது. கல்முனை ஒரு ஒடுங்கிய ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் மணல்மேட்டில் தோள் உரச நிற்கும் வீடுகள். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும். அன்று இதெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். மேற்கே போகப் போக வயல் முடிந்து காடு தொடங்கும். ஊரில் நிலமில்லாதவர்கள் நிறைய, காட்டோரத்தில் ஆளில்லாத நிலம் நிறைய. இரண்டும் ஏன் சேரவில்லை?

முதற் காரணம் சட்டம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, முடிக்குச் சொந்தம் என்றது. மலைநாட்டில் தோட்டக்காரர்களுக்கு நிலம் விற்க வழிசெய்த சட்டம், கரையோரத்து விவசாயிக்கு வேலியாக நின்றது. அடுத்தது தண்ணீர். 1850களின் பிற்பாதியில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டன. அந்தத் தண்ணீர் எட்டாத இடத்தில் மாரி மழையை நம்பித்தான் விதைக்க வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று பிந்தினால் நாற்று கருகும், முந்தினால் விதைப்பு அழுகும். மூன்றாவது மலேரியா. நின்ற தண்ணீரில் பெருகும் அனோபிலிஸ் நுளம் உலர் வலயக் காட்டோரத்தில் குடியேறுகிறவனை முதல் மாரியிலேயே படுக்கையில் போட்டுவிடும். டி.டி.டி. தெளிப்பு வந்தது யுத்தத்தின் கடைசியில். இந்த மூன்றோடு யானையும் உண்டு.

சட்டத்தின் சாவி கச்சேரியில் இருந்தது. அஸீஸ் அதைத் திருப்பினார். முடிக்குரிய காணிகளைப் பயிருக்குத் திறந்துவிட்டார். முஸ்லிம்களும் தமிழர்களும் காடு வெட்டி இறங்கினார்கள். அவசரகால அதிகாரம் என்பது பெரும்பாலும் மக்களிடமிருந்து எதையாவது பிடுங்கத்தான் பயன்படும். இங்கே அது கொடுப்பதற்குப் பயன்பட்டது. காலனி ஆட்சியின் வரலாற்றில் அதிகம் காணக்கிடைக்காத காட்சி. அதில் ஆட்சியின் தயவைக் காட்டிலும் யுத்தத்தின் நெருக்கடிக்கே பங்கு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வயலைப் பார்க்கப் போனவர் வயலில் நின்றவர்களையும் பார்த்தார். நெற்களமான களவெட்டியில் தமிழரும் முஸ்லிமும் சேர்ந்து சூடு மிதிப்பார்கள். அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். மாட்டுக்கும் கயிற்றுக்கும் கூடக் களவெட்டிக்கென்று தனிப் பேச்சு உண்டு. கவியை வாய்ப்பாடமாகப் பாடும் முதியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலருக்குக் கச்சேரிப் படிவத்தில் கையெழுத்திடத் தெரியாது.

எழுத்தே தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. லெப்பையிடம் ஓதிய பிள்ளைக்கு அரபு எழுத்துத் தெரியும். அதைக் கொண்டு அரபுத்தமிழும் வாசிக்கும். தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத ட, ள, ங போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளோடு புள்ளியைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒரு மொழியின் ஒலிகளைக் காதால் பிரித்தறிந்து வேறொரு மொழியின் எழுத்துக்குள் பொருத்துவது சின்ன வேலையா? மொழியியலாளர் மேசையில் இருந்து செய்கிற வேலை. அதைக் காயல்பட்டினத்திலிருந்து காத்தான்குடி வரை உலமாக்கள் செய்திருந்தார்கள். மார்க்க நூல்கள் அதில் குவிந்திருந்தன. ஆனால் அந்தப் படிப்பு அரசாங்கத்தின் எந்தப் பரீட்சைக்கும் உதவாது. தமிழ் படித்தால் கிராமப் பாடசாலையில் சம்பளம் கட்டத் தேவையில்லை. உத்தியோகமோ ஆங்கிலத்தில் இருந்தது, ஆங்கிலப் பாடசாலைக்குச் சம்பளம் கட்ட வேண்டும். அரசாங்க உதவிப்பணம் பெற்று நல்ல ஆங்கிலப் பாடசாலைகளை நடத்தியவர்கள் மிஷனரிமார். அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கம் மாறிவிடும் என்ற பயம் வாப்பாமாருக்கு. பயம் வெறும் கற்பனையும் இல்லை, மதம் பரப்பத்தானே அவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1880களில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை நடத்தி இந்தக் கதவை உடைக்கப் பார்த்தார். 1892இல் கொழும்பில் சாஹிராக் கல்லூரி எழுந்தது. கல்முனையிலிருந்து கொழும்பு வெகு தூரம்.

இதே கரையில் இன்னொரு பிள்ளை அதே மிஷன் பாடசாலை வழியாகப் போய் என்ன ஆனான் என்பது அஸீஸுக்குத் தெரியும். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் ஆனார், லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி ஆனார், கடைசியில் சுவாமி விபுலாநந்தர் ஆனார். திரும்பி வந்து கிழக்கில் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார், கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். கல்முனையில் அஸீஸ் இருந்த நாட்களில் இருவரும் பழகினார்கள். இந்துப் பாடசாலைகளில் படித்த முஸ்லிம் ஒருவரும், கிறிஸ்தவப் பாடசாலைகளில் படித்த இந்துத் துறவி ஒருவரும். கல்வி ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்று இவர்கள் பேசியிருந்தால், கோட்பாட்டை மேற்கோள் காட்ட வேண்டிய தேவையே வந்திராது.

சுவாமியின் விஞ்ஞானம் எப்படிப்பட்டது என்பதற்கு, பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய யாழ் நூலைப் பார்க்கலாம். இழுத்துக் கட்டிய நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு மண்டிலம் மேலே போகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலிலிருந்து இளி பிறக்கும், இன்றைய பேச்சில் சட்சத்திலிருந்து பஞ்சமம். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று பழைய தமிழிசை பிரித்த அலகுகளைக் கூட்டினால் 22 வரும். இந்தப் பழங்கணக்கையும் நரம்பதிர்வின் பௌதிகத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மறைந்துபோன யாழ்க் கருவிகளைக் கணக்கால் மீட்கப் பார்த்தார். தமிழ் தெரிந்தவனுக்கு விஞ்ஞானம் தெரியாது, விஞ்ஞானம் தெரிந்தவனுக்குத் தமிழ் தெரியாது என்று காலனிப் பாடத்திட்டம் போட்டிருந்த கோட்டை அவர் மதிக்கவே இல்லை. கலைச்சொல் ஆக்கத்துக்கும் தலைமை தாங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் யாழ் நூல் அரங்கேறியது, ஜூலையில் அவர் போய்விட்டார்.

அஸீஸ் 1942இலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். கெட்டிக்காரப் பிள்ளை பணமில்லாமல் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அந்தச் சிறு முயற்சியை நாடளாவியதாக்கினால் என்ன என்ற எண்ணம் வளர்ந்து, 1945 மே மாதத்தில் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியானது. அதே வருடம் ஒக்டோபர் 1ஆம் திகதி கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வியே இலவசமான பிறகு சகாய நிதி எதற்கு என்று கேட்கத் தோன்றும். சம்பளம்தான் இல்லாமல் போனது. கல்முனைப் பிள்ளை கொழும்பில் தங்க, சாப்பிட, புத்தகம் வாங்க, ஊருக்கு வந்துபோக யார் கொடுப்பது? வயலில் ஒரு கை குறைவதை வாப்பா எத்தனை வருடம் தாங்குவார்? நெல் நாலு மாதத்தில் காசாகும். படிப்புக்குப் பதினைந்து வருடம் வேண்டும். இடையில் ஒரு வெள்ளம் வந்தால் முதலில் நிற்பது படிப்புத்தான்.

அந்தக் காலத்தில் முற்போக்குக் கல்வி என்று வேறொன்றைச் சொன்னார்கள். கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் 1930களில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. விவசாயம், சுகாதாரம், கைத்தொழில் என்று கிராமத்துக்கு ஏற்ற பாடங்கள். கன்னங்கராவும் அதை ஆதரித்தார். இந்தியாவில் 1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதற்கு உறவு. கேட்க அழகாகத்தான் இருந்தது, பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு, அதை வீட்டிலேயே கற்றுக்கொடுப்போமே, எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆங்கிலம் இல்லை என்று கேட்டார்கள். நான் பெற்றோர் பக்கம். கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமப் படிப்பு என்று சொல்பவர் தன் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார் என்று பார்த்தால் போதும். கன்னங்கராவே பின்னாளில் மத்திய மகா வித்தியாலயங்களைத் திறந்து, ஆங்கிலத்தையும் விஞ்ஞானகூடத்தையும் கிராமத்துக்குக் கொண்டுபோனார்.

கல்முனையில் நடந்தது இன்னொரு தினுசு. நிலம் வாப்பாவுக்கு, பரீட்சை பிள்ளைக்கு. தகப்பன் கையில் நாலு ஏக்கர் இருந்தால் மகனை அதிலிருந்து விடுவிக்கலாம். உணவு உற்பத்திக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர் கல்விச் சங்கம் தொடங்கியது ஏதோ ஓய்வுநேரத் தொண்டு என்று எழுதுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே வேலையின் இரண்டு பாதி அவை.

1948இல் அஸீஸ் சிவில் சேவையை விட்டுவிட்டுக் கொழும்பு சாஹிராவின் அதிபரானார். துரைப் பதவியை உதறிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனவரைப் பார்த்து அன்றைக்கு ஊரில் பலர் வாயில் விரல் வைத்திருப்பார்கள். 1961 வரை அங்கே இருந்தார்.

1949 ஓகஸ்டில் இங்கினியாகலையில் கல்லோயா அணைக்கட்டு வேலை தொடங்கியது. அதே வருடம் நவம்பரில் கல்முனையில் சாஹிராக் கல்லூரி தொடங்கியது. கல்லோயா என்பது இந்தப் பக்கத்தில் பட்டிப்பளை ஆறு. மாரி மழைக்குக் காத்திருந்த வயல்களுக்கு இனி மேலிருந்து மதகு திறந்தால் தண்ணீர் வரும். மதகு யார் கையில் என்ற கேள்வியும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்தே வந்தது. அதைக் கேட்டு மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் அதற்குள் ஊரில் சிலர் இருந்தார்கள்.