குளிர்காற்று சொல்லும் செய்தி

1983-ஆம் ஆண்டுக்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்து, கனடாவின் டொரொன்டோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. பனிக்காலத்தோடு வாழப் பழகுவதே அவர்கள் அங்கே முதலில் கற்ற பாடங்களுள் ஒன்று.

சனவரி மாதத்துக் காலை வேளை. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்காகத் தாய் காரை எடுக்கிறாள். கால்மணி நேரம் ஓடிய பின்னும் ஹீட்டரிலிருந்து சில்லென்ற காற்றே வீசுகிறது. பின்னிருக்கையில் பிள்ளைகள் நடுங்குகின்றனர். அவர்களது மூச்சின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து, பாதையை மறைக்கிறது.

"கம்பளிச் சட்டை ஒன்று கூடுதலாக அணிந்தால் போதாதா?" என்று கேட்போர் உளர். போதாது. அந்தக் குளிர்காற்று வெறும் வசதிக்குறைவு அன்று. எஞ்சின் விடுக்கும் எச்சரிக்கையாகவும் அது இருக்கக்கூடும். அது எவ்வாறு என்று காண்போம்.

ஹீட்டருக்குத் தனி அடுப்பு இல்லை

பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காரை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகி, புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைச் சுற்றியோடும் கூலன்ட் என்னும் திரவத்தின் வழியாகவும் வெளியேறுகிறது. நீரும் எத்திலீன் கிளைக்காலும் சமபங்காகக் கலந்த கூலன்ட், பூச்சியத்துக்குக் கீழ் 35 பாகை செல்சியஸ் குளிரிலும் உறையாது.

சூடேறிய இத்திரவத்தின் ஒரு பகுதி இரண்டு ரப்பர் குழாய்களின் வழியாக, ஓட்டுநரின் முன்பலகைக்குப் பின்னுள்ள சிறிய ரேடியேட்டருக்குள் சென்று திரும்புகிறது. விசிறி அதனூடே காற்றைச் செலுத்துகிறது. சோறு வடித்த கஞ்சியையும் வீணாக்காத இல்லத்தரசியைப் போல, கார் தன் கழிவு வெப்பத்தைக் கொண்டே நம்மைச் சூடாக்குகிறது. ஆகவே ஹீட்டர் குளிர்ந்தால், முதலில் ஆராய வேண்டியது கூலன்டையே.

நாமே செய்யத்தக்க சோதனைகள்

இரவெல்லாம் நின்று எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும்போது முன்மூடியைத் திறவுங்கள். கூலன்ட் தொட்டியின் பக்கத்தில் குறைந்த அளவையும் நிறைந்த அளவையும் காட்டும் இரு கோடுகள் உண்டு. திரவம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருப்பின், அந்தக் காருக்கு உரிய வகைக் கூலன்டையே ஊற்றுதல் வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியையோ தொட்டியின் மூடியையோ ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிதிரவம் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச் செய்துவிடும்.

ஊற்றியதோடு கடமை முடிந்துவிடவில்லை. மூடிய குழாய்களுள் ஓடும் திரவம் குறைந்தது எங்ஙனம்? காரின் அடியில் ஈரம் உண்டா, முன்னிருக்கையின் கால்விரிப்பு நனைந்து இனிய மணம் வீசுகிறதா, புகைக்குழாயிலிருந்து வெண்புகை இடையறாது வருகிறதா என்று பாருங்கள். கால்விரிப்பு நனைந்திருந்தால் ஹீட்டரின் ரேடியேட்டர் ஒழுகுகிறது எனலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாவிடில், எஞ்சினுக்குள்ளேயே கசிவு இருக்கலாம். காரை ஓட்டாது மெக்கானிக்கை அழைத்தலே நன்று.

திரவம் சரியாக இருந்தும் எஞ்சினின் வெப்பமானி நெடுநேரம் அடிமட்டத்திலேயே நின்றால், தெர்மோஸ்டாட் என்னும் வால்வு திறந்தபடியே சிக்கியிருத்தல் கூடும். எஞ்சின் சூடேறும்வரை மூடியிருக்க வேண்டியது அது. விலை பெரிதன்று, மாற்றுவதும் பெரும்பாலான கார்களில் எளிதே.

வெப்பமானி சரியாகக் காட்டியும் காற்று குளிர்ந்தே வந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்கலாம். ஒன்று சுட, மற்றொன்று குளிர்ந்திருந்தால், உள்ளே துருவும் கசடும் அடைத்திருக்கலாம். அல்லது காற்று சிக்கியிருக்கலாம். இரண்டும் சுட்டால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவு பழுதுற்றது எனலாம். முன்பலகைக்குள் கேட்கும் "டிக் டிக்" ஒலி அதற்கோர் அடையாளம்.

ஊசிமுனையை மட்டும் நம்பற்க

கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டால், வெப்பத்தை அளக்கும் கருவி திரவத்தில் மூழ்காமல் பிழையாகக் காட்டக்கூடும். ஊசிமுனை அமைதியாய் நிற்க, எஞ்சினோ உள்ளே வெந்து பாழாகும். இதுவரை சூடாக வீசிய ஹீட்டர் வழியில் திடீரெனக் குளிர்ந்தால், பாதுகாப்பான ஓரத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சிறு ஒழுக்கை அன்றே அடைப்பவனுக்குச் செலவு சிறிது. பொருட்படுத்தாது ஓட்டுபவனுக்கோ எஞ்சினே போய்விடும்.

வீட்டில் குழந்தைகள் உள்ளோர்க்கு மேலும் இரண்டு சொற்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை உடனே கழுவுக. மீதியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்குக. இரண்டாவதாக, ஹீட்டரைச் சோதிப்பதற்காக மூடிய கார்க்கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு, உறங்குவோரையும் விழித்திருப்போரையும் ஒருங்கே கொல்லவல்லது.

மின்சாரக் கார்களுக்கு மேற்கூறிய சோதனைகள் பொருந்தா. அவற்றின் ஹீட்டர்கள் வேறு முறையில் இயங்குவன. பெட்ரோல் கார் வைத்திருப்போரோ, பனி விழுமுன் ஒரு காலையில் ஐந்து நிமிடம் செலவிட்டுக் கூலன்டின் அளவைப் பார்த்துவிடலாம். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் செலவிடும் அந்த ஐந்து நிமிடம் வீணாவதில்லை.