சிரட்டையும் உளியும்

சிற்பம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் உள்ளம் மாமல்லபுரத்துக்கும் தஞ்சைக்கும் பறந்துவிடுகின்றது. கருங்கல்லும் வெண்கலமும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, அடுக்களையிலே கவிழ்ந்து கிடக்கும் சிரட்டை நினைவுக்கு வருவதில்லை. இது நம்முடைய குறை. பழையோருடைய குறை அன்று. சிற்பத் தொழிலுக்குரிய பொருள்கள் பத்து என வகுத்த நிகண்டு நூலார், கல், உலோகம், மரம், தந்தம் முதலியவற்றோடு மெழுகையும் கண்டசருக்கரையையும் ஒரே வரிசையிலே வைத்தனர். கண்டசருக்கரை என்பது கற்கண்டோ, அன்றிச் சாந்துக் கலவையோ என்று அறிஞர் வாதிடுவர். அது எதுவாயினும் ஆகுக. வெயிலில் உருகிப் போகும் மெழுகுக்கும் கருங்கல்லின் பக்கத்திலே ஆசனம் இட்ட பெருமனம் இங்கே நோக்கத்தக்கது.

அந்தப் பத்திலே சிரட்டைக்கு இடம் இல்லை. ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ள வீடுகளில் அதற்கு இடம் உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் இந்த வாவிக்குக் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரியும் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டே கரைக்குப் பெயரிட்ட மக்கள், கைக்கு எட்டிய பொருளைக் கொண்டே கலையும் செய்தனர். மரத்தைக் குடைந்தால் தோணி; ஓலையைக் கீறினால் ஏடு; குருத்தோலையை அரிந்து மடித்தால் அம்மன் சடங்குக்குத் தோரணம்; சிரட்டையைச் சீவித் துளைத்தால் அகப்பை. செதுக்குதல், குடைதல், கடைதல், சீவுதல், அரிதல், துருவுதல், பொளிதல், கீறுதல் என்று ஒரு பொருளிலிருந்து வேண்டாததை நீக்குவதற்கு நம்மிடம் எத்தனை வினைச்சொற்கள்! ஈழத்திலே பிள்ளைகள் 'படம் கீறினேன்' என்றுதான் இன்றும் சொல்லுகிறார்கள். தூரிகை கொண்டு தீட்டும் போதும், சொல்லளவிலே அவர்கள் கூரிய ஒன்றைப் பிடித்திருக்கின்றார்கள்.

அகப்பையைப் பற்றிச் சற்று விரித்துப் பேச விரும்புகின்றேன். அது அற்பப் பொருள் என்பார் அதைச் செய்து பார்த்தவர் அல்லர். தேங்காயை உடைத்தால் இரு பாதி கிடைக்கும். ஒரு பாதியிலே மூன்று கண்கள் உண்டு. அவற்றுள் ஒன்று முளை வெளிவரும் மென்கண், நீரைத் தாங்காது. ஆகவே அகப்பைக்குரியது கண்ணில்லாத பாதி. அதன் விளிம்பருகே எதிரெதிராக இரு துளையிட்டுச் சீவிய கைப்பிடியை ஊடுருவச் செலுத்துவர். ஆணி இல்லை; பசை இல்லை. கறியிலே தோய்ந்து ஈரம் ஏற ஏற மரம் பருத்துச் சிரட்டையை இறுகப் பற்றிக்கொள்ளும். பயன்படுத்தப் பயன்படுத்த உறுதிப்படும் கருவி உலகத்திலே எத்தனை உண்டு?

இனி அதன்மேல் உருச் செதுக்குவது வேறொரு வித்தை. படுவான்கரை ஊர் ஒன்றிலே, முற்றத்து வேம்பின் கீழ் அமர்ந்து சிரட்டை செதுக்கும் முதியவர் ஒருவரோடு ஒரு பகற்பொழுதைக் கழித்தேன். முதலில் நாரை முற்றாகச் சுரண்டினார். அதற்கு அவர் வைத்திருந்த ஆயுதம் உடைந்த போத்தல் ஓடு. பின்பு அரத்தாள், அதன் பின்பு விரல் நுனியிலே தொட்ட தேங்காயெண்ணெய். சாம்பல் நிறமாகக் கிடந்த ஓடு கண் முன்னே கருங்காலி போல ஒளிர்ந்தது. கரிக்கோட்டால் ஒரு மீனை வரைந்து, மெல்லிய வாளலகால் அறுக்கத் தொடங்கினார். மீனின் வால் ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று கேட்டேன்.

“நான் வளைக்கல்ல மனே, சிரட்டை வளைஞ்சிருக்கு. அது போற பக்கம்தான் மீனும் போகும்” என்றார்.

கலைக்கல்லூரிகளில் ஓராண்டு கற்பிக்கும் பாடத்தை அவர் ஒரு மூச்சிலே சொல்லிவிட்டார். மரத்துக்கு நாரோட்டம் உண்டு. அதன் வழியே உளி சென்றால் மரம் இணங்கும். சிரட்டைக்கு அத்தகைய நேரான ஓட்டம் இல்லை. அது கடினமானது, ஆனால் நொறுங்குந் தன்மையது. சில மில்லிமீற்றர் கனமே உடையதாகையால் ஆழ வெட்டவும் இயலாது. தட்டையாக்க முயன்றால் உடையும். ஆகவே கலைஞன் பொருளை வெல்ல முயல்வதில்லை; அதனோடு பேரம் பேசுகின்றான்.

இந்தப் பேரத்தை ஐரோப்பியரும் அறிந்திருந்தனர். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளிலே கீழைத் தேசங்களிலிருந்து சென்ற சிரட்டைகளில் விவிலியக் காட்சிகளைச் செதுக்கி, வெள்ளியாற் பாதமும் மூடியும் இட்டு, பிரபுக்கள் மதுக்கிண்ணமாகப் போற்றினர். நஞ்சின் வலியைச் சிரட்டை முறிக்கும் என்றொரு நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தது. நம் வீட்டிலே கூழ் குடித்த பாத்திரம் அங்கே அரண்மனைப் பேழையில் ஏறிற்று! தொலைவிலிருந்து வந்த பொருளுக்குக் கிடைக்கும் மதிப்பு உள்ளூரிலே அதற்குக் கிடைப்பதில்லை என்பதைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மவருள் இதனைக் கண் திறந்து பார்த்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிலே பிறந்து, இலங்கைக்குக் கனிப்பொருள் ஆய்வாளராகத் திரும்பி வந்த அவர், கண்டி நாட்டுக் கிராமங்களிலே பாறைகளைத் தேடி நடந்தபோது கைவினைஞரைக் கண்டார். 1908இல் வெளியான 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் அதன் விளைவு. கோயில் ஓவியத்துக்குத் தந்த அதே கவனத்தை வீட்டுப் பொருள்களுக்கும் அந்நூலில் அவர் தந்தார். மட்டக்களப்புக்கு அப்படியொரு நூல் வாய்த்திலது. வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்து, இந்நாட்டின் வழக்கங்களையும் பாடல்களையும் காத்துத் தந்தது. பொருள்களுக்கும் அவ்வாறே ஒரு நூல் வேண்டும் என்பது என் ஆசை.

தந்தமும் ஆமையோடும் இலங்கைச் செதுக்குவேலைக்கு ஒருகாலத்திற் புகழ் தந்தவை. இன்று அவை சட்டத்தால் விலக்கப்பட்டவை. உயிர்க்கொலையைத் தடுக்க எழுந்த அந்த விலக்கு முற்றிலும் நியாயமானது. அதனாலே கைவினைஞரின் பார்வை சிரட்டை, எருமைக்கொம்பு போன்ற எளிய பொருள்களின் மேல் திரும்பியதும் நல்லதே. ஆயினும் சிரட்டைக்கு வேறு போட்டியாளர் உண்டு. 1918இல், முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டிலே, நச்சுவாயு முகமூடிகளுக்கு வேண்டிய கரியைச் சிரட்டையிலிருந்து எடுக்கலாயினர். இன்று நீரையும் காற்றையும் தூய்மையாக்கும் வினைவீறாக்கிய கரிக்கு உலகெங்கும் தேவை மிகுந்துவிட்டது. அதனை ஏற்றுமதி செய்யும் முதன்மையான நாடுகளுள் இலங்கையும் ஒன்று. மூட்டை மூட்டையாகச் சிரட்டை சூளைக்குப் போகின்றது. போகட்டும், அதுவும் ஒரு குடும்பத்தின் சோறு. செதுக்குவதற்கு ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு சாக்குச் சிரட்டை போதும். இல்லாதது சிரட்டை அன்று, செதுக்கும் கை.

பள்ளிக்கூடங்கள் அந்தக் கையைப் பழக்கலாம். அமெரிக்காவிலே 1920களில் ஒரு சவர்க்காரக் கம்பனி சவர்க்காரச் சிற்பப் போட்டியைத் தொடக்கி, 1961 வரை நடத்திற்று. சரக்கை விற்கும் தந்திரமே அது. எனினும் இலட்சக்கணக்கான சிறுவர் பேனாக்கத்தி பிடித்துச் செதுக்கப் பழகினர். அந்நாட்டிலே கனெற்றிக்கற் மாநிலத்தில் வாழும் டால்ற்றன் கெற்றி என்னும் தச்சர், பென்சிற் கரியின் முனையிலே எழுத்துகளையும் சிறு கருவிகளையும் செதுக்கி வியப்பூட்டியவர். நம் வகுப்பறைகளில் வெண்கட்டித் துண்டு இல்லையா? குளிக்கும் சவர்க்காரத்தின் தேய்ந்த துண்டு இல்லையா? மரவள்ளிக் கிழங்கின் தடித்த தோல் இல்லையா? ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தாற் போதும். வெண்கட்டியிற் பழகியவன் விரலிலே பொறுமை ஏறும். ஓர் அவசர அழுத்தம், வேலை இரண்டாக முறியும்.

ஏடு எழுதுதலும் செதுக்கு வேலையே என்று மேலே கூறினேன். பனையோலையை அவித்து உலர்த்திப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால் கீறலிலே கருமை தங்கி எழுத்துத் தோன்றும். புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே விட்டனர். அந்த ஏடுகளைப் பதிப்பித்தோர் பட்ட துன்பத்தின் ஒரு பகுதி ஓலை என்னும் பொருளின் குணத்தால் விளைந்தது. மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரையும் கூத்துப் பாட்டுகளும் இவ்வாறே தலைமுறை கடந்து வந்தன.

கூத்து என்றதும் நான் எழுத எண்ணியிருந்த செய்திக்கு வந்து சேர்கின்றேன். மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே அரசன் களரிக்கு வரும் கோலத்தைக் கண்டோர் மறவார். மீன்பிடிக்கும் கரப்பைப் போல விரிந்து நிற்பதனாற் கரப்புடுப்பு எனப் பெயர் பெற்ற உடை, தலையிலே உயர்ந்த முடி, தோளிலே புயமுடி, மார்பிலே பதக்கம். இந்த அணிகளைப் பாரமில்லாத மென்மரத்தைச் செதுக்கிச் செய்வது மரபு. மரத்தின் மேல் வண்ணமும் பொன்தாளும், இடையிடையே கண்ணாடித் துண்டும் பதிப்பர். பொன்னுமில்லை, மணியுமில்லை, மரமும் கண்ணாடியும் கூடி ஓர் இரவுக்குத் துரியோதனனை உண்டாக்கிவிடும்.

இதன் நுட்பத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. களரி வட்டமானது, சனங்கள் சுற்றிவர இருப்பார்கள். ஆகவே முடி எப்பக்கமும் முகமுடையதாக இருத்தல் வேண்டும். அக்காலத்து வெளிச்சம் தீப்பந்தமும் விளக்கும். அசையும் சுடரிலே ஆழமான செதுக்கின் பள்ளத்தில் நிழல் விழும், மேட்டில் ஒளி தங்கும், கண்ணாடித்துண்டு மின்னும். தட்டையான ஓவியம் அந்த வெளிச்சத்திலே செத்துப்போகும். ஆடுபவனோ மத்தளத்தின் தாளத்துக்குச் சுழன்று விடியும்வரை ஆட வேண்டியவன். பாரம் கழுத்தை முறிக்கக் கூடாது. இலேசு காற்றிற் பறக்கவும் கூடாது. இத்தனை நிபந்தனைக்கும் விடையாகச் செதுக்கிய முடி அது.

1962இலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபின், நகரத்துக் கற்றோர் கூத்தைத் தலைநிமிர்ந்து பார்த்தனர். கலாநிதி சி. மௌனகுரு அவர்களின் ஆராய்ச்சி அதன் இலக்கணத்தை நமக்குத் தந்தது. பாட்டு அச்சேறிற்று, ஆட்டம் பல்கலைக்கழகத்திலே பயிலப்படுகின்றது. முடி செதுக்கும் வித்தையோ அச்சில் ஏறாதது. 1978 நவம்பரிலே வந்த சூறாவளி தென்னையைச் சாய்த்தது. பின்னர் 2009 வரை நீண்ட போர் ஊர்களை இடம்பெயர்த்தது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை எழுவான்கரையை வாரிச் சென்றது. ஓடும்போது பிள்ளையைத் தூக்குவார்களா, முடியைத் தூக்குவார்களா?

நான் கண்ட அந்த முதியவர் இளமையிற் கூத்தாடியவர். சிரட்டை மீனை முடித்துவைத்து, உள்ளே சென்று தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பழஞ்சீலைக்குள்ளே ஒரு புயமுடி. வண்டு துளைத்துச் சல்லடை ஆகியிருந்தது. கண்ணாடி ஆறில் இரண்டு மிஞ்சியிருந்தன. “இப்ப மட்டையில வெட்டி ஒட்டுறாங்க மனே. பார்க்க வடிவுதான். ஆடக்குள்ள அது ஆடாது, அசையும்” என்றார். ஆடுவதற்கும் அசைவதற்கும் இடையே உள்ள அந்த வேறுபாட்டை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் உயர்வகுப்பு மாணவர் இருவரை அவரிடம் அனுப்பியிருக்கின்றார். சனிக்கிழமை தோறும் வருகின்றார்களாம். பழைய புயமுடியை அளந்து, புது மரத்திலே கரிக்கோட்டால் வரைந்திருந்தார்கள். முதற்றுண்டு பிளந்துபோயிற்று என்று வெட்கத்தோடு காட்டினார்கள். முதியவர் அதைக் கையிலே வாங்கிப் பிளவை நோக்கினார். பிளவு ஓடிய திசையை விரலாற் தடவினார். பின்பு இரண்டாம் துண்டைச் சற்றே திருப்பி வைத்து, உளியை மாணவன் கையிலே கொடுத்தார்.