சத்தமில்லாமல் பார்வையைப் பறிக்கும் நோய்! ஒளி பாய்ச்சி ஒரு வைத்தியம்

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு சிற்றூர். அங்கே வானத்தைப் பார்க்க ஒரு பெரிய கண் இருக்கிறது!

ஆம். வைணு பாப்பு தொலைநோக்கிதான் அந்தக் கண். அதன் கண்ணாடியின் அகலம் 2.34 மீட்டர். 1986-ம் ஆண்டு ஜனவரியில், பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி அதற்குப் பெயர் சூட்டினார். வெகு தூரத்து நட்சத்திரத்தின் மங்கிய ஒளியைக்கூட அது பிடித்து விடும்.

அதே மலையில் சாமை விதைத்து, தேன் எடுத்து வாழும் மக்களுக்கும் கண்கள் உண்டு. மலைப் பாதையில் நடக்க அந்தக் கண்கள்தான் துணை. அவற்றைச் சத்தமில்லாமல் கெடுக்கும் ஒரு நோய் உண்டு. அதன் பெயர் கிளாக்கோமா. கண் அழுத்த நோய் என்றும் சொல்வார்கள்.

மடை அடைத்தால்...

கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் அல்ல. கண்ணுக்குப் போஷாக்கு தரும் நீர். ஊறிய நீர், சல்லடை போன்ற ஒரு பகுதி வழியாக வடிந்து விடும்.

வயலில் மடை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும். வரப்பை முட்டும். கண்ணிலும் அப்படித்தான். வடிகால் அடைத்தால் நீர் தேங்கி அழுத்தம் கூடுகிறது. பார்வையை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பு நசிகிறது.

பெரும்பாலானவர்களுக்கு வலி இராது. கண் சிவக்காது. முதலில் ஓரப் பார்வை போகும். நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கண்ணில் புரை விழுந்தால் ஆபரேஷன் செய்து பார்வையை மீட்கலாம். கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். இருக்கும் பார்வையை மட்டுமே காப்பாற்ற முடியும்.

தமிழ்நாட்டின் தென் மாவட்டக் கிராமங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்தார்கள். முடிவு 2003-ம் ஆண்டு வெளியாயிற்று. 100 பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல், நோய் இருப்பதே அதுவரை தெரியாது!

கத்தி இல்லை, தையல் இல்லை

அழுத்தத்தைக் குறைக்கச் சொட்டு மருந்து உண்டு. ஆனால் அதைத் தினமும், ஆயுள் முழுவதும் விட வேண்டும். மலை ஊரில் இருப்பவர் மருந்து தீர்ந்ததும் கீழே இறங்க வேண்டும். பஸ் செலவு, ஒரு நாள் கூலி நஷ்டம். "வலிதான் இல்லையே" என்று பலர் விட்டு விடுகிறார்கள்.

இங்கேதான் லேசர் கை கொடுக்கிறது. லேசர் என்பது மிக நுண்ணிய, கூர்மையான ஒளிக்கதிர். 1960-ம் ஆண்டு அமெரிக்காவில் மைமன் என்ற விஞ்ஞானி முதல் லேசரை உண்டாக்கினார். 1995-ம் ஆண்டில் லட்டினா என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளியும், கண்ணின் வடிகாலைச் சுடாமல் சீராக்கும் புது லேசர் முறையை விளக்கினார்கள்.

கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு வடிகால் பகுதியில் ஏறக்குறைய 100 முறை ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு பளிச்சும் ஒரு வினாடியை நூறு கோடி பங்காக்கினால் அதில் மூன்று பங்கு நேரந்தான்! சில நிமிடங்களில் வேலை முடிந்து விடும். அன்றே வீடு திரும்பலாம்.

கிளிமஞ்சாரோ மலையடியில்

ஏழை நாட்டு மக்களுக்கு இது பயன்படுமா? ஆப்பிரிக்காவில், டான்சானியா நாட்டின் கிளிமஞ்சாரோ மலையடியில் உள்ள மோஷி நகரில் இதைச் சோதித்தார்கள். 201 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சொட்டு மருந்து, மறு பிரிவுக்கு லேசர்.

ஓராண்டுக்குப் பின் என்ன ஆயிற்று? சொட்டு மருந்தில் நூற்றுக்கு 31 கண்களில் வெற்றி. லேசரில் 61 கண்களில் வெற்றி! இந்த முடிவு 2021-ம் ஆண்டு வெளியாயிற்று.

பிரிட்டனில் 718 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-ம் ஆண்டு வெளிவந்தது. லேசர் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு, மூன்று ஆண்டுகள் ஆகியும் சொட்டு மருந்து இல்லாமலே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது.

ஆனாலும் இது மந்திரம் அல்ல. எல்லோருக்கும் பலிக்காது. சில ஆண்டுகளில் பலன் குறையலாம். அப்போது மீண்டும் செய்யலாம். நோய் முற்றியவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். வடிகாலின் வாசலே மூடிக்கொள்ளும் வகை நோய்க்கு வேறு லேசர் முறை உண்டு. எது யாருக்கு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். லேசர் செய்த பிறகும் கண்ணை அவ்வப்போது காட்டியே ஆக வேண்டும்.

யார் கவனிக்க வேண்டும்?

40 வயது கடந்தவர்கள், தாய் தந்தைக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாகவே வாங்கி விடக் கூடாது. அதுவும் அழுத்தத்தை ஏற்றி விடும்.

அடுத்த முறை கண்ணாடி போடப் போகும்போது, "டாக்டர், கண் அழுத்தத்தையும் நரம்பையும் பாருங்கள்" என்று கேளுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். காவலூரின் பெரிய கண்ணாடி மங்கினால் மறுபடியும் பூச்சுப் பூசலாம். கண் நரம்பு பட்டுப்போனால் மறுபடி துளிர்க்காது.