பாரப் போர்வையும் நல்ல நித்திரையும்

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பர் நம் மூத்தோர். மெய்யாகவே நித்திரை வந்தவனுக்குப் பாயும் ஒன்றே, பஞ்சணையும் ஒன்றே. நித்திரை வராதவனுக்கோ தலையணையின் ஒவ்வொரு மடிப்பும் பகையாகின்றது. சுவர்க் கடிகாரத்தின் ஓசையும் பேரிரைச்சலாகின்றது. அத்தகையோர் நாடும் துணைகளுள் ஒன்றாக அண்மைக் காலத்திற் பரவியிருப்பது ‘பாரப் போர்வை’. மேலை நாடுகளிற் குடியேறிய பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தந்தையர்க்குக் கொண்டுவரும் அன்பளிப்புக்களுள் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். ஆதலின் இதன் இயல்பையும், பாவிக்கும் முறையையும், பேணும் வகையையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

போர்வையின் அமைப்பு

பாரப் போர்வை குளிரைத் தடுப்பதற்கென அமைந்த கம்பளி அன்று. இரு துணிகளைச் சிறு சிறு சதுர அறைகளாகச் சேர்த்துத் தைத்து, ஒவ்வோர் அறையிலும் மணல் போன்ற நுண்ணிய கண்ணாடி மணிகளையோ பிளாஸ்டிக் மணிகளையோ இட்டு இதனைச் செய்கின்றனர். சிலவற்றில் மெல்லிய உலோகச் சங்கிலிகளை வைப்பதும் உண்டு. அறை அறையாகத் தைப்பதன் நோக்கம், பாரம் ஓரிடத்திற் குவியாது உடலெங்கும் சமமாகப் பரவுதலேயாம்.

பாரம் எவ்வாறு அமைதி தரும் என்ற வினா எழுவது இயல்பே. இலேசான தீண்டல் உடலிற் கூச்சத்தை எழுப்பும். அழுத்தமான, நிலையான தொடுகையோ பலருக்கு ஆறுதலைத் தரும். அழும் பிள்ளையைத் தாய் மார்போடு அணைக்கும்போது நிகழ்வதும் இதுவே. அமெரிக்காவைச் சேர்ந்த ரெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் ஓட்டிசம் உடையவர்; பின்னாளில் விலங்கு அறிவியற் பேராசிரியராக விளங்கியவர். ஊசி போடுவதற்காக மாடுகளை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டினுள் அவற்றுட் பல அமைதியடைவதைக் கண்டு, 1965இல், தமது பதினெட்டாம் வயதில், தமக்கென அத்தகைய பொறி ஒன்றை அமைத்துக்கொண்டார். இவ்வகை அழுத்தத்தின் பயனைப் பற்றி 1992இல் ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டார். மருத்துவ நிலையங்களிலும் சிறப்புப் பாடசாலைகளிலும் வழங்கிவந்த பாரப் போர்வை, பின்னர் வீட்டுப் பொருளாகக் கடைகளுக்கு வந்தது.

ஆராய்ச்சி கூறுவது

விளம்பரங்கள் கூறுவதை அப்படியே நம்புதல் அறிவுடைமை ஆகாது. சுவீடன் நாட்டில், மனச்சோர்வு, பதகளிப்பு முதலிய நோய்களோடு நித்திரையின்மையும் உடைய 120 பேரை ஆராய்ந்து, 2020இல் அதன் முடிவை வெளியிட்டனர். நான்கு வாரங்கள் ஒரு சாராருக்கு 6 அல்லது 8 கிலோ நிறையுள்ள சங்கிலிப் போர்வையும், மறு சாராருக்கு 1.5 கிலோ நிறையுள்ள இலேசான போர்வையும் கொடுக்கப்பட்டன. பாரப் போர்வை பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேருக்கு நித்திரையின்மையின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மற்றையோரில் அவ்வாறு குறைந்தவர் நூற்றுக்கு ஐவரளவே. ஆயினும் தாம் போர்த்தது பாரமானதா அன்றா என்பதைப் போர்த்தவர் உணராதிருக்க வழியில்லை. ஆகவே நம்பிக்கையாலும் ஓரளவு பயன் விளைந்திருக்கலாம்.

இதற்கு மாறாக, பிரித்தானியாவில் ஓட்டிசம் உடைய 67 பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாரப் போர்வையால் நித்திரை நேரம் கூடவில்லை. எனினும் பிள்ளைகளும் பெற்றோரும் அதனையே விரும்பினர் என்பது கருதத்தக்கது. ஆகவே, இது சிலருக்கு உதவும். எல்லார்க்கும் உதவும் மருந்து அன்று என்று கொள்வதே நேரிது.

யாருக்கு ஆகாது?

இங்குதான் நாம் மிகுந்த கவனம் செலுத்தல் வேண்டும். தாயின் கை அழுத்தத்தை எப்போது தளர்த்த வேண்டும் என்பதை அறியும், போர்வை அறியாது. 2008இல் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பாடசாலை ஒன்றில், பாரப் போர்வையாற் சுற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மூச்சுத் தடைப்பட்டு உயிரிழந்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பாரமேற்றிய போர்வைகளையும் உடைகளையும் கைக்குழந்தைகளுக்குப் பாவித்தலாகாது என 2022இல் அறிவுறுத்தியது.

எனவே கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இதனைப் போர்த்தலாகாது. வளர்ந்த பிள்ளைக்கும் வைத்தியரின் ஆலோசனையோடு மட்டும் கொடுக்கலாம். ஆஸ்துமா எனப்படும் தொய்வு நோய் உள்ளோர், நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவோர், இருதய நோயாளர், இரத்த ஓட்டக் குறையுள்ளோர், நீரிழிவினாற் காலில் உணர்ச்சி குன்றியோர், உடல் தளர்ந்த முதியோர் ஆகியோரும் முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். பொது விதி ஒன்று உண்டு: எவர் ஒருவர் பிறர் உதவியின்றித் தாமே போர்வையை அகற்ற வல்லவரோ அவருக்கே அது உரியது. முதியவர் ஒருவருக்குக் கொடுப்பதாயின், பகல் வேளையிற் படுக்கச் செய்து, தாமே அதனை நீக்குகின்றாரா என்று அருகிருந்து பார்த்த பின்னரே இரவிற் கொடுத்தல் வேண்டும்.

பாவிக்கும் முறை

போர்வையின் நிறை உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கு அளவில் இருத்தல் வழக்கம். 55 கிலோ நிறையுள்ளவருக்கு 5 அல்லது 5.5 கிலோ போதும். ஐயம் எழுமிடத்துக் குறைந்த நிறையையே தெரிந்துகொள்க. கணவனும் மனைவியும் ஒரே பாரப் போர்வையைப் பங்கிடுதல் நன்றன்று. இருவருக்கும் ஏற்ற நிறை வெவ்வேறன்றோ?

முதல் நாளிலேயே இரவு முழுவதும் போர்த்திக்கொள்ளாது, காலின்மேல் மட்டும் சிறிது நேரம் இட்டுப் பழகுக. பின்னர் தோள்வரை கொண்டுவரலாம். கழுத்துக்கு மேலே ஏறுதல் கூடாது. கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டால் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். வெப்பம் மிகுந்த நம் ஊர்களில் மெல்லிய பருத்தி உறையுள்ள, கண்ணாடி மணி நிரப்பிய போர்வையே ஏற்றது. வெக்கையான இரவுகளில் இடைக்குக் கீழே மட்டும் போர்த்திக்கொள்ளலாம். வியர்வையும் மூச்சுத் திணறலும் தோன்றினால் உடனே நீக்குக.

பரீட்சைக் காலத்தில் நள்ளிரவுவரை தேநீரும் கைத்தொலைபேசியுமாக விழித்திருந்து, காலையில் முதற்பாடத்திலேயே கண் சொருகும் மாணவரைக் கல்லூரியில் நாம் காண்கிறோம். அவர்களுக்கு வேண்டுவது போர்வை அன்று. நேரத்துக்கு விளக்கை அணைக்கும் பழக்கமே.

பேணும் வகை

போர்வைக்குத் தனியாகக் கழற்றக்கூடிய உறை இருப்பின் சலவை எளிதாகும். உறையை வாரந்தோறும் தோய்த்து, உள்ளிருக்கும் போர்வையை எப்போதாவது தோய்த்தாற் போதும். தைத்திருக்கும் குறிப்புத் துண்டை முதலில் வாசித்தல் வேண்டும். நீர் ஊறியதும் நிறை பெரிதும் கூடுமாதலால், வீட்டுச் சலவை இயந்திரம் அப்பாரத்தைத் தாங்குமா என்று பார்த்தே இடுதல் வேண்டும். தாங்காதெனின், அகன்ற தொட்டியிற் குளிர்ந்த நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு அமுக்கி அமுக்கி அலசுக. முறுக்கிப் பிழிதலும், வெளுக்கும் இரசாயனம் சேர்த்தலும் தையலையும் துணியையும் கெடுக்கும்.

கொடியிற் தொங்கவிட்டால் மணிகள் எல்லாம் கீழே இறங்கித் தையல் அறும். சுத்தமான பாயின் மேலோ கயிற்றுக் கட்டிலின் மேலோ பரப்பி, இடையிடையே புரட்டிவிட்டு உலர்த்துக. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மழை நாளைத் தவிர்த்து, வெயில் எறிக்கும் காலையிலே தோய்ப்பது சிறந்தது. பிளாஸ்டிக் மணிகள் சூட்டில் உருகுமாதலால் அழுத்திப்பெட்டியை அணுகவிடலாகாது. மாதம் ஒருமுறை தையல்களை விரலாற் தடவிப் பார்த்து, அவிழ்ந்த இடத்தை உடனே தைத்துவிடுக. சிந்திய மணி தவழும் குழந்தையின் வாய்க்குச் செல்லக்கூடும். வீட்டிலே அரிசியோ பயறோ நிரப்பிச் செய்ய எண்ணுவோர் அவ்வெண்ணத்தைக் கைவிடல் நன்று. தோய்க்கவும் இயலாது, வண்டும் விரைவில் வந்து சேரும்.

நித்திரையின்மை வாரக்கணக்கில் நீடிப்பின் அதன் காரணத்தை வைத்தியரே ஆராய்தல் வேண்டும். உடல் நோவோ மனக் கவலையோ போர்வையால் மறைந்துவிடாது. ஏற்ற நிறையும், தாமே நீக்கும் வலுவும், சுத்தமான பராமரிப்பும் அமைந்தால் பாரப் போர்வை நல்லதொரு துணையாகும். பாரத்தை இறக்கிவைக்கத் தெரிந்தவருக்கே அது சுகம் தரும்.